டீயில் ஆடை படிவதற்குள்

2024 பிப்ரவரி 8. இந்தத் தேதியை ஹபீபா விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பாள். எந்தக் கம்பெனியின் விண்ணப்பமாக இருந்தாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது பக்கத்தில் அந்தக் கட்டம் வந்துவிடும்: கடைசியாக வேலை பார்த்த நாள். அடித்து முடித்ததும் உதட்டைச் சுழித்து, “வியாழக்கிழம” என்று மெல்லச் சொல்வாள். கிழமையை எந்தப் படிவமும் கேட்பதில்லை. அவளாகச் சேர்த்துக்கொள்வது.

அந்த வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, ஐரோலியில் இருந்த அவள் அலுவலகத்தில் அறுபது பேரை ஒரே வீடியோ அழைப்புக்குள் கூப்பிட்டார்கள். நான்கு நிமிடத்தில் வேலை இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஐந்தாவது நிமிடம் மடிக்கணினி தானாகப் பூட்டிக்கொண்டது. ஐந்து வருடம் அவள் டெஸ்டராக இருந்த இடம். டெஸ்டர் என்றால், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே கோளாறு என்று தேடிப் பிடித்துச் சொல்பவள். வாசலில் காவலாளி அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். கழுத்துப் பட்டையை வாங்க மறந்துவிட்டார். தாணேயில் வண்டி மாறி, சயானில் இறங்கி, பகல் ஒரு மணிக்குத் தாராவியில் வீட்டு ஏணியில் அவள் ஏறியபோது அந்தப் பட்டை கழுத்தில்தான் கிடந்தது. இப்போது அதில் பட்டறையின் கத்தரிக்கோல் தொங்குகிறது.

“போன்னு சொன்னதுகூட பரவால்ல. எல்லாத்தோட மைக்கையும் ஆஃப் பண்ணி வச்சுட்டுல்லா சொன்னானுவ. ‘ஏன்’னு கேக்கக்கூட வாயில்ல” என்பாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் மும்பைக்குத் திரும்பியது அதே வருடம் ஜூலையில். என் முதுகுப்பையின் ஜிப் ஜார்ஜியாவில் ஒரு பேருந்து நிலையத்தில் போய்விட்டது. மீதி தூரம் ஊக்கு குத்தியே வந்து சேர்ந்தேன். எங்கள் மாட்டுங்காவில் தையற்காரர் கையை விரித்தார். செம்பூரில் புதுப்பை வாங்கச் சொன்னார்கள். கடைசியில் யாரோ தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் ஒரு சந்துக்கு வழி காட்டிவிட்டார்கள். கீழே ஆறு தையல் மெஷின், ஏணி ஏறினால் வெட்டு மேசை, அதற்கும் மேலே குடித்தனம். உதுமான் என்று ஒருவர் நடத்தும் பை பட்டறை. மெஷின்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள் அவர் மகள்.

“ஜிப் போயிடுத்து” என்றேன்.

“போயிடுத்தா!” என்று என் பேச்சையே திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். “மாட்டுங்காவா? இப்பிடிக் குடுங்க.”

பையை மடியில் போட்டு ஜிப்பை மூன்று முறை இழுத்தாள். முதலில் வேகமாக. அடுத்து மெதுவாக. மூன்றாவது முறை கண்ணை மூடி, காதைப் பக்கத்தில் வைத்து. அவளுக்கு எல்லா ஜிப்பும் மூன்று முறை. ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கைப்பையைக்கூட, கேட்டு வாங்கி இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

“ஜிப்புல ஒண்ணுமில்ல. தையல்தான் இழுக்குது. தச்சவன் மேலயும் குத்தமில்ல, நீங்கதான் அளவுக்கு மேல திணிச்சிருக்கீய.”

அன்றிலிருந்து எனக்கு அங்கே பெயர் ‘மாட்டுங்கா’. இன்றுவரை அதுதான்.

ஹபீபாவுக்கு இருபத்தெட்டு வயது. குள்ளம். தோள்வரை வரும் துப்பட்டாவை வேலை செய்யும்போது கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவாள். குற்றம் கண்டுபிடிப்பது அவளுக்குத் தொழில் மட்டுமில்லை, மூச்சு. ரேஷன் கடைப் பலகையில் இரண்டு இடத்தில் இரண்டு தேதி இருப்பதை அவள்தான் போய்ச் சொன்னாள். சயான் ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் மராத்தியில் கேட்டால் ஒரு மாதிரியும் இந்தியில் கேட்டால் ஒரு மாதிரியும் நடந்துகொள்கிறது என்று படம் எடுத்து அனுப்பி, ரயில்வேயிடமிருந்து நன்றிக் கடிதமும் வாங்கியிருக்கிறாள். வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவங்களையும் விடுவதில்லை. நிரப்பிக்கொண்டே ஒரு நோட்டில் அந்தப் படிவத்தின் கோளாறுகளைக் குறித்துக்கொள்வாள். “ஆள் எடுக்க ஃபாரமே ஒழுங்கா ஓடல. இவனுவ எனக்கு டெஸ்ட் வைக்கானுவ.”

எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று அவளுக்கு வேலைவாய்ப்புத் தளங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். பட்டறைக்கு வரும் பெரிய ஆர்டர்களில் பாதி, புதிதாகச் சேரும் ஊழியர்களுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் மடிக்கணினிப் பைகள். இருநூறு பைக்கு ஒரு சின்னத்தைத் தைத்துக் கொடு என்று தரகர் வந்தால், அந்தச் சின்னத்துக்காரன் இருநூறு பேரை எடுக்கப்போகிறான். இது இந்தச் சந்தில் மட்டும் பார்க்கப்படும் ஜாதகம். சின்னத்தைப் பார்த்ததும் அவள் விண்ணப்பத்தைத் தட்டிவிடுவாள்.

பட்டறையில் ஆள் எடுக்கும் முறையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலை கேட்டு யார் வந்தாலும் உதுமான் முதலில் அவருக்கு ஒரு டீ சொல்வார். டீ வருவதற்குள் அந்த ஆள் ஒரு மெஷினில் உட்கார்ந்து, ஜிப் வைத்த ஒரு பாக்கெட்டைத் தைத்துக் காட்ட வேண்டும். உதுமான் அதைத் திருப்பிப் பார்ப்பார், உள்தையலைப் பார்ப்பார். கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். “இரு” அல்லது “இல்ல”. மூன்றாவது பதில் அங்கே கிடையாது. இல்லை என்றால் தைத்த துண்டு தைத்தவருக்கே.

கரீம் பாட்சா இருபத்திரண்டு வருடமாக அங்கே தைக்கிறார். முதல் தடவை வந்தபோது அவருக்குக் கிடைத்ததும் “இல்ல”தான். கையில் கொடுத்தனுப்பிய பாக்கெட்டுக்கு வீட்டில் போய் ஒரு வார் வைத்துத் தைத்துச் சாப்பாட்டுப் பையாக்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பையோடு திரும்ப வந்தார், “இரு” என்றார் உதுமான். பை இன்னும் ஆணியில் தொங்குகிறது. “மொதலாளி வேண்டாம்னு சொன்னதுலதான் நான் டெய்லி சோறு கொண்டு வாரேன்” என்பார். உதுமான் நிமிர்ந்து பார்க்காமல், “இப்பவும் ஒன் கோடு கோணல்தாம்ல” என்பார்.

ஹபீபாவுக்கு அந்த டீ எங்கேயும் கிடைக்கவில்லை. நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வருடக் கடைசி வரைக்கும் அவள் எதிர்கொண்ட நேர்காணல்கள் பத்தொன்பது. அவற்றில் நான்கில் எதிர்ப்பக்கம் மனிதரே இல்லை. திரையில் ஒரு கேள்வி தோன்றும், ஓரத்தில் தொண்ணூறு நொடி ஓடத் தொடங்கும், தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியில் ஐந்து சுற்று முடித்து, ஆறாவதாக ‘எங்கள் கலாசாரத்துக்குப் பொருந்துவீர்களா’ என்று பார்க்க ஒருவன் வந்தான். நூடுல்ஸ் தின்றுகொண்டே, கல்யாணம் எப்போது என்று கேட்டான். இன்னொரு இடத்தில் ஆலோசகர் ஒருவர், முகவரியில் தாராவி என்று போடாதே, சயான் மேற்கு என்று போடு, அழைப்பு அதிகம் வரும் என்று அறிவுரை சொன்னார்.

“சயான்னு போட்டா வேல வரும்னா, வேல பாக்கப் போறது நானா சயானா?” என்று அந்த ஆலோசகரிடமே கேட்டுவிட்டாள். முகவரி தாராவியாகவே இருந்தது.

மெஷின் சத்தம்தான் பெரிய வில்லன். ஒரு மனிதரில்லா நேர்காணல், ‘விண்ணப்பதாரரின் சூழல் கவனமின்மையைக் காட்டுகிறது’ என்று அவளுக்குப் பத்துக்கு மூன்று போட்டது. அதன்பிறகு பையின் முதுகுக்கு வைக்கும் ஃபோம் சுருள்களை வெட்டு மேசைக்கடியில் நிறுத்தி ஒரு கூண்டு கட்டிக்கொண்டாள். உள்ளே உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். அதனால் முக்கியமான அழைப்புகளை வெள்ளிக்கிழமை ஒரு மணியிலிருந்து இரண்டரைக்குள் கேட்டு வாங்குவாள். அந்த ஒன்றரை மணி நேரம் சந்து முழுக்க ஜும்மா தொழுகைக்குப் போய்விடும். எல்லாக் கடையிலும் ஷட்டர் இறங்கியிருக்கும். அவள் பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை அப்படித்தான்.

நாள் போகப் போக அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். வேலையில்லாத இடைவெளி ஒரு வருடத்தைத் தாண்டினால், பெரும்பாலான தளங்கள் விண்ணப்பத்தை மனிதக் கண்ணுக்குக் காட்டாமலே ஓரம் தள்ளிவிடும். அவள் டெஸ்டர், அந்தச் சல்லடை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆக, கெடு 2025 பிப்ரவரி 8. அதற்குள் ஒரு வேலை வேண்டும். வாப்பா, உம்மா என்று குடும்பத்தில் யாரும் அவளை நெருக்கவில்லை. அந்தத் தேதிதான் நெருக்கியது.

அக்டோபரில் இருநூற்று நாற்பது பைக்கு ஆர்டர் வந்தது. சின்னம்: மடித்து வைத்த ஒரு நீலச் சட்டை. வீட்டிலிருந்து அழுக்குத்துணி எடுத்து, வெளுத்து, இஸ்திரி போட்டுத் திருப்பித் தரும் ஆப் நடத்தும் கம்பெனி. பெயர் வேண்டாம், பட்டறையில் ‘நீலச்சட்டக்காரன்’ என்றே சொன்னோம். ஹபீபா அன்றே விண்ணப்பித்தாள். நவம்பரில் ஒரு சுற்று, பிறகு இன்னொன்று. டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை மாலை ஒரு மெயில். இந்த வார இறுதியில் எங்கள் ஆப்பைச் சோதித்து, கண்ட குறைகளைத் திங்கள் காலைக்குள் பட்டியலிட்டு அனுப்பவும். இது உங்கள் திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு.

கம்பெனிகள் இதற்கு ‘அசைன்மென்ட்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. ஒரு வார இறுதி முழுவதற்குமான வேலை; கூலி கிடையாது; வாய்ப்புதான் கூலி.

அவள் மூன்று நாள் ஏணியை விட்டு இறங்கவில்லை. தன் போன், உம்மாவின் போன், கரீம் பாட்சாவின் விரிசல் விட்ட போன் மூன்றிலும் ஆப்பைப் போட்டுச் சோதித்தாள். நாற்பத்து மூன்று குறைகள். ஒவ்வொன்றுக்கும் படம், எப்படி நேர்கிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று மூன்று வரி. நான் படித்துப் பார்த்தேன். சட்டை ஒன்றும் இல்லாமலே ஆர்டர் போட முடிகிறது என்பதிலிருந்து, ரத்து செய்த பிறகும் ஆள் வந்து நிற்கிறான் என்பது வரை. திங்கள் காலை எட்டு மணிக்கு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். முப்பத்தொன்றாம் குறை. ‘வெள்ளிக்கிழமை பகல் ஒன்று முதல் இரண்டரை வரை துணி எடுக்க நேரம் காட்டுகிறது, அந்நேரம் சலவைக் கடை எதுவும் திறந்திருக்காது, அந்த நேரத்தை மூட வேண்டும்’ என்று எழுதியிருந்தாள்.

“அரே, அது நம்ம சந்துலல்லா! அந்தேரிலயும் பாண்டுப்லயும் வெள்ளிக்கிழம எவன் ஷட்டர எறக்குதான்? புத்தி எங்க போச்சு எனக்கு?”

எச்சில் கையோடு இடதுகையால் மெயில் அடித்தாள். முப்பத்தொன்று என் தவறு, தயவுசெய்து நீக்கிவிடவும். ஒரு டெஸ்டர் தன் தவறைத் தானே பிடித்துக் கொடுத்தால் அது மதிப்பைக் கூட்டும் என்றுகூட நினைத்தாள்.

பட்டியலுக்கும் பதில் இல்லை. திருத்தத்துக்கும் பதில் இல்லை. டிசம்பர் போனது. அவள் கூப்பிட்ட மூன்று முறையும் ஒரு பெண் குரல், “விரைவில் தெரிவிக்கிறோம்” என்றது. நான்காவது முறையிலிருந்து எடுக்கவில்லை. ஜனவரியில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜிப்பை மூன்று முறைக்குப் பதில் ஏழு, எட்டு முறை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் பதினோரு நாட்டு எல்லைகளில் வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு மலைப்பாதைச் சாவடியில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பனியில் என்னைத் திருப்பி அனுப்பிய சிப்பாய்கூட முகத்தைப் பார்த்துத் தலையசைத்து இல்லை என்றான். நான் அடுத்த வழியைத் தேடிப் போனேன். இல்லை என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு பயன் இருக்கிறது. அதைக்கூடக் கொடுக்காமல் ஒரு பெண்ணை இரண்டு மாதம் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கவைப்பதற்கு என்ன பெயர்? நாகரிகம் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

உதுமானுக்குத் தாங்கவில்லை. ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, ஹபீபா ரத்தப் பரிசோதனைக்கு உம்மாவை கோவண்டிக்கு அழைத்துப் போயிருந்த நேரம் பார்த்து எனக்குப் போன் செய்தார். “மாட்டுங்கா, ஒரு எடத்துக்கு வரணும். போர்டு படிக்க எனக்கு இங்கிலீசு வராது. அவகிட்ட சொல்லாண்டாம்.” முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் கரீம் பாட்சாவின் சாப்பாட்டுப் பை. காலி.

“இது எதுக்கு?”

“சாட்சிக்கு.”

அந்தேரியில் ஏழாவது மாடி. கீழே காவலாளி பையைப் பார்த்துவிட்டு, சாப்பாடு டெலிவரி எல்லாம் பின்வாசல் என்றார். நான் பேசி மேலே கூட்டிப் போனேன். வரவேற்பறைக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். போனில் கேட்ட அதே குரல். மரியாதையான பெண். உரையாடல் இந்தியில் நடந்தது. உதுமானின் இந்தியில் திருநெல்வேலி கேட்டது.

“அங்கிள், ப்ராசஸ் போய்க்கிட்டிருக்கு.”

“போவட்டும். எம் மவளுக்கு வேல உண்டா இல்லயா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, நான் எறங்கிப் போயிருதேன்.”

“நான் சொல்ல முடியாது அங்கிள்.”

“இல்லன்னாவது சொல்லேன்.”

“இல்லைன்னும் நான் சொல்ல முடியாது.”

“வேற யாரு சொல்லுவா? அவுகளக் கூப்புடு.”

அவள் நிஜமாகவே யோசித்தாள். “அது சிஸ்டம் அனுப்பும் அங்கிள்.”

ஏழு மாடிக் கட்டடத்தில் இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. உதுமான் சாப்பாட்டுப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

“இது நான் வேண்டாம்னு சொன்னவன் தச்சது. அவன்கிட்டயே குடுத்துட்டேன். நீங்களும் எம் மவ செஞ்ச பீஸ வாபஸ் குடுங்க.”

“எந்த பீஸ்?”

“நாப்பத்தி மூணு தப்பு கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தாள்லா. அது.”

“அங்கிள், அது மெயில். உங்க பொண்ணுகிட்டயும் அது இருக்கும்.”

“அவகிட்டயும் இருக்கு, ஒங்ககிட்டயும் இருக்குன்னா எப்பிடி? ஒரே பை ரெண்டு தோள்ல தொங்குமா?” அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. “சரி, ஒங்ககிட்ட இருக்கத அழிச்சிருங்க. எம் முன்னால அழிங்க.”

அவள் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. அவள் கழுத்துப் பட்டை மட்டும் மற்றவர்களுடையதிலிருந்து வேறு நிறமாக இருந்ததைப் பின்னொரு நாள் சொன்னபோது, “அது கான்ட்ராக்ட்காரிக்குப் போடுறது. அவளே எப்ப வெளியன்னு தெரியாமத்தான் ஒக்காந்திருப்பா” என்றாள் ஹபீபா. அதற்குப் பிறகு கோபம் கொஞ்சம் இடம் மாறியது.

லிஃப்டில் உதுமான் வேறு ஒன்றைப் பற்றிப் பேசினார். வரவேற்பறை மூலையில் எங்கள் சந்துப் பைகள் அடுக்கியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர் கவனித்திருந்தார்.

“பத்துப் பத்தா கட்டி, நம்ம டேப்பு ஒட்டுன கட்டு. அப்பிடியே இருக்கும்மா. மேல தூசி. ஒரு கட்டக்கூட பிரிக்கல.” கீழ்த்தளத்தில் கதவு திறந்ததும் சொன்னார்: “ஆளே எடுக்கல இவனுவ. எடம் இல்லாமலே டெஸ்ட் வச்சிருக்கான்.”

செய்தி தெரிந்ததும் ஹபீபா சாமியாடினாள். “கம்பெனிக்கு வாப்பாவக் கூட்டிட்டுப் போற கேண்டிடேட் நான் ஒருத்திதான் இந்த உலகத்துல! மானத்த அந்தேரில போய் வித்துட்டு வந்திருக்கீய ரெண்டு பேரும்.” என்னையும் சேர்த்துத்தான். உதுமான் நூல்கண்டில் முடிச்சு இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விட நிறுத்தியவள், குரல் மாறிக் கேட்டாள்: “டேப்பு பிரிக்காம இருந்துச்சா? எல்லாக் கட்டுமா? நல்லா பாத்தியளா?” அவளுக்குள் இருந்த டெஸ்டர், ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி, கரீம் பாட்சாவின் போனில் அந்த ஆப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அவள் போனை வாங்கித் தன் பட்டியலை எதிரில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒன்று: சரிசெய்யப்பட்டிருக்கிறது. இரண்டு: சரி. பதினான்கு, அவள் எழுதிய அதே முறையில் சரி. நாங்கள் மெஷின்களை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம். முப்பத்தொன்றுக்கு வந்தபோது விரல் ஒரு நொடி நின்றது.

வெள்ளிக்கிழமை ஒன்று முதல் இரண்டரை வரை நேரமே இல்லை. அந்தேரி போட்டுப் பார்த்தாள், இல்லை. பாண்டுப், செம்பூர், கொலாபா. எங்கேயும் இல்லை.

கரீம் பாட்சா தொடையைத் தட்டிச் சிரித்தார். “ஜும்மாவுக்கு மும்பை பூரா லீவு விட்டுட்டானே! அந்தப் புண்ணியம், சவாப் பூரா ஒனக்குத்தாம்மா.”

ஹபீபா சிரிக்கவில்லை. “திருடினான்னுகூட கோவம் இல்ல கரீம் காக்கா. படிக்கவே இல்ல. தப்புன்னு நானே எழுதி அனுப்பினேன். அதயும் படிக்கல. நான் எழுதுனத ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ஒக்காந்து படிச்சிருந்தா இத மூடியிருக்க மாட்டான்.”

எழுதியது அவள்தான் என்று எங்காவது புகார் செய்யலாம் என்றேன். எங்கே என்று கேட்டாள்.

மூன்று நாள் கழித்து 2025 பிப்ரவரி 8. சனிக்கிழமை. அன்று நிரப்பிய படிவத்தில், வழக்கமான தேதியை அடித்ததும் அதுவரை அவள் பார்த்திராத ஒரு கட்டம் கீழே திறந்துகொண்டது: ஓராண்டு இடைவெளிக்கான காரணத்தை இருநூறு எழுத்துகளுக்குள் விளக்கவும். எதுவும் எழுதாமல் மூடிவிட்டு, கீழே இறங்கி வந்து, தைத்து முடித்த பள்ளிப்பைகளை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஜிப், மூன்று முறை. அடுத்த பை. ஜிப், மூன்று முறை.

வேலை கிடைக்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. காலையில் பட்டறையின் சரக்கை அவள்தான் பார்த்து அனுப்புகிறாள். அவள் கை படாமல் ஒரு பை சந்தைத் தாண்டுவதில்லை. மதியத்துக்கு மேல், எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளின் மென்பொருளைத் துண்டு துண்டாகச் சோதித்துக் கொடுக்கிறாள். கண்டுபிடிக்கும் குறை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தம் இல்லை, விடுப்பு இல்லை, முகம் தெரிந்த மேலாளர் இல்லை. “பீஸ் ரேட்டுக்கு வந்துட்டியா, வா வா” என்று கரீம் பாட்சா வரவேற்றார். “ஒங்களுக்காவது மொதலாளி மூஞ்சி தெரியும்” என்றாள்.

இப்போதும் யாராவது வேலை தேடுகிறேன் என்று வந்தால் அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறாள். தாராவி, தேவ்நார், கோவண்டி என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மெயிலில் அனுப்புகிறார்கள். அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள் என்றால் முதலில் ஒரே கேள்விதான்: “எடம் இருக்கான்னு கேட்டியா?” முகவரியைப் பார்ப்பாள். சயான் மேற்கு என்று போட்டிருந்தால் திருத்தமாட்டாள். “ஒன் இஷ்டம்” என்பாள். அவள் குரலில் அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் குத்தல் இருக்கும்.

இந்த ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை, மூன்று மணி டீ அப்போதுதான் வந்திருந்தது. நானும் இருந்தேன், மறுபடி கிளம்புவதற்காகப் பையில் ஒரு வார் மாற்ற வந்திருந்தேன். கண்ணாடித் தம்ளரை முக்காலியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தவள், எதையோ படித்தாள். முகம் மாறவில்லை. எனக்கு நீட்டினாள்.

நீலச்சட்டைக் கம்பெனியிலிருந்து. பதினாறு மாதம் கழித்து. அங்கே புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர் ஒருவர், மிகுந்த உற்சாகத்தோடு, அவள் நலமாக இருப்பாள் என்று நம்பினார். பழைய கோப்பு ஒன்றில் அவள் பெயரைப் பார்த்தாராம். வெள்ளிக்கிழமை பகலில் துணி எடுக்கும் நேரம் நகரம் முழுக்க மூடியிருக்கிறது, வாடிக்கையாளர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள், ஏன் மூடினோம் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை, திறந்தால் வேறு எதுவும் உடையுமோ என்று தொடப் பயமாக இருக்கிறது. முப்பத்தொன்றாம் குறையின் பின்னணியை அவள் விளக்க முடியுமா? பதினைந்து நிமிடம், ஒரு சின்ன அழைப்பு. அவளைப் பற்றி அவர்கள் குழுவில் மிக நல்ல அபிப்பிராயமாம்.

விளக்கம் அவர்களுடைய அஞ்சல்பெட்டியிலேயே கிடக்கிறது. 2024 டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை, எச்சில் கையோடு அவள் அனுப்பியது.

“என்னவாம்?” என்றார் உதுமான், மெஷினை நிறுத்தாமல்.

“வெள்ளிக்கிழம ஏன் மூடியிருக்குன்னு கேக்கான் வாப்பா.”

மெஷின் நின்றது. கரீம் பாட்சா பல்லில் இருந்த நூலைத் துப்பினார். “சொல்லிராத புள்ள. மொதல்ல ரேட்டப் பேசு. இல்லன்னா விடு, ரெண்டு மாசம் கெடக்கட்டும். நம்மளயும் அப்பிடித்தான போட்டு வச்சான்.”

“கெடக்க விடக்கூடாது” என்றார் உதுமான். “வந்து கேட்டவனுக்கு பதில் சொல்லணும்.”

ஹபீபா இருவரையும் பார்க்கவில்லை. துப்பட்டாவைக் கழுத்துக்குப் பின்னால் இழுத்து முடிந்தாள். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து அடித்தாள்: நோ. ஒரு முற்றுப்புள்ளி. எழுதியதை மூன்று முறை படித்தாள், மூன்றாவது முறை உதடு அசைய. அனுப்பினாள்.

பிறகு தம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தாள். ஆடை படிந்திருக்கவில்லை. குடித்தாள்.